கிக்ஸ் ஆர்40 வீல் நட்: ஹோண்டா சிட்டியில் ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் 2014 ஹோண்டா சிட்டிக்கு 15 அங்குல அலாய் வீல்களை வெளியில் வாங்கிப் பொருத்தியபோது, கம்பெனி நட்டுகளையே திரும்பவும் முடுக்கிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டும்போது முன்பக்க இடது சக்கரத்தில் தட்தட்டென்று சத்தமும் ஸ்டீயரிங்கில் நடுக்கமும் வந்தன. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், நான்கு நட்டுகளில் இரண்டு விரலாலேயே சுழன்றன. முதல் நாளே நடுக்கம் இருப்பதாகச் சொன்னபோது வீல் பேலன்சிங் செய்தால் சரியாகிவிடும் என்று கடையில் அனுப்பிவைத்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கோளாறு நட்டு உட்காரும் இடத்தில் இருந்தது. ஹோண்டாவின் கம்பெனி நட்டுகளுக்கு அடிப்பகுதி பந்து போல உருண்டிருக்கும். வெளியில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றின் துளையோ 60 டிகிரி கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். துளையின் உட்சரிவில் மார்க்கர் பேனா மையைப் பூசி, பழைய நட்டை முடுக்கிக் கழற்றிப் பார்த்தேன். நூல் கனத்துக்கு ஒரு வட்டக் கோட்டில் மட்டும் மை அழிந்திருந்தது. சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டிய நட்டு, அந்த ஒற்றைக் கோட்டை நம்பித்தான் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறது.

மாற்று நட்டுகளைத் தேடி, சென்னையில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கியபோது, நிறத்தைக் காட்டி விற்கவே பலரும் முயன்றார்கள். மரை அளவை அவர்களாகக் கேட்டவர்கள் குறைவு. நட்டு ஏறும் திருகுத்தண்டுதான் ஸ்டட்; அதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியே மரை அளவு. ஹோண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.5 மில்லிமீட்டர் மரை, சுசூகிக்கு 1.25 மரை. சுசூகி ஸ்விஃப்ட்டுக்கு உரிய நட்டு சிட்டியின் ஸ்டட்டில் ஓரிரு சுற்று ஏறுவது போல ஏறும். அதற்கு மேல் வலுக்கட்டாயமாக முடுக்கினால் மரை கெட்டு, ஸ்டட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அலுமினியக் கலவையான டூராலுமின் நட்டுகள் எடை குறைந்தவை, பார்க்கவும் அழகு. ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டும் வண்டியில் அவற்றின் மரை எஃகைவிட விரைவில் தேயும் என்பதால், அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் எஃகையே விரும்பினேன்.

அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் ஜப்பானின் கியோ-எய் நிறுவனத்தின் கிக்ஸ் ஆர்40. குரோம்-மாலிப்டினம் எஃகில் அடித்து உருவாக்கிய, 60 டிகிரி கூம்பு அடிப்பகுதி கொண்ட நட்டு இது. நான் வாங்கிய பெட்டியில், சக்கரத் திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டுகளையும் சேர்த்து 20 இருந்தன. சிட்டிக்கு 16 போதும் என்பதால் 4 மிஞ்சின. மை சோதனையை இதிலும் செய்தேன். இம்முறை சரிவு முழுவதும் பட்டையாக மை துடைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது.

பொருத்தும் வேலையை நானே செய்தேன். ஸ்டட்டைக் கம்பித் தூரிகையால் துடைத்து, எண்ணெயோ கிரீஸோ தடவாமல், ஒவ்வொரு நட்டையும் முதலில் கையாலேயே சுற்றினேன். எண்ணெய் பட்ட மரையில், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட ஸ்டட் அதிகமாக இழுபடும். ஸ்டட்டின் விட்டமான 12 மில்லிமீட்டர் ஆழத்துக்காவது நட்டு பிடிக்க வேண்டும் என்று கணக்கிட்டால், 1.5 மரைக்கு 8 சுற்று வருகிறது; எனக்கு 9 சுற்று கிடைத்தது. சக்கரத்தை வெளியே தள்ளிவைக்க அதன் பின்னால் ஸ்பேசர் என்ற தட்டு வைத்திருப்பவர்கள் இந்த எண்ணிக்கையை அவசியம் பார்க்க வேண்டும், ஏனெனில் ஸ்பேசரின் கனம் முழுவதும் இந்த ஆழத்திலிருந்துதான் கழிகிறது. பிறகு எதிரெதிராக இருப்பவற்றை மாற்றி மாற்றி முடுக்கி, ஹோண்டா கையேடு சொல்லும் 108 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதித்தேன், ஒன்றுகூட அசையவில்லை. இந்த ஓராண்டில் மழை, வெயில், இரண்டு டயர் சுழற்சி எல்லாவற்றுக்கும் பிறகும் நிலைமை அதுவே.

குறை என்று சொன்னால், இந்த நட்டுகளைக் கழற்ற அவற்றுடன் வரும் அடாப்டர் வேண்டும். அது தொலைந்தால் பஞ்சர் கடைக்காரர் எதுவும் செய்ய முடியாது. நான் அதை கிளவ் பாக்ஸிலேயே வைத்திருக்கிறேன். பஞ்சர் கடையில் நட்டை வேகமாக முடுக்கும் இம்பாக்ட் கன்னை எடுக்கும்போதே "அண்ணே, இதுக்கு கன் வேண்டாம், கையால போடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். யாரும் மறுத்ததில்லை.

ஸ்டெப்னியை மட்டும் மறந்துவிடாதீர்கள். டிக்கியில் கிடக்கும் அந்த இரும்புச் சக்கரம் கம்பெனியுடையது என்பதால் அதன் துளைகளும் பந்து வடிவத்துக்கே கடையப்பட்டவை. கூம்பு நட்டு அதில் சரியாக உட்காராது. ஆகவே பழைய நட்டுகளில் நல்லதாக நான்கைத் துடைத்து, துணிப்பையில் கட்டி, ஜாக்கியின் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன்.