யாழ்ப்பாணத்தில் ஆண் பாலியல் தொழிலாளருக்கான சுகாதார நிலையம்: ஒன்பது மாத அனுபவம்

பணத்துக்காக உறவு கொள்ளும் ஆண்களுக்கென, அதே வாழ்க்கையை அறிந்தவர்களே யாழ்ப்பாணத்தில் நடத்தும் பாலியல் சுகாதார நிலையமொன்றுக்கு ஒன்பது மாதங்களாகப் போய்வருகிறேன். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னும் இருப்பதால், அதன் பெயரையோ ஒழுங்கையையோ இங்கே எழுதவில்லை. தொழிலில் உள்ளவர்கள் விசாரித்தால் வழி கிடைக்கும்.

இதற்கு முன் நான் போன வேறொரு சிகிச்சை நிலையத்தில் முதற்கேள்வியே, "தம்பி, கலியாணம் முடிச்சாச்சோ?" என்பதுதான். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. இல்லை என்றேன், ஒரு பெண்ணுடன் பழக்கம் என்று பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்க்கேற்றபடி குருதியையும் சிறுநீரையும் மட்டும் பரிசோதித்து அனுப்பிவிட்டார்கள். பாலுறவால் தொற்றும் கொனோரியா என்ற நோய் தொண்டையிலும் ஆசனவாயிலும் அறிகுறியே இல்லாமல் இருக்கக்கூடியது என்பதும், அங்கே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்காவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனையில் அது அகப்படாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இந்த நிலையத்தில் என்னோடு பேசிய அண்ணை, முன்பு இதே தொழிலில் இருந்தவர். "வாயாலயோ, பின்னாலயோ, ரெண்டுமோ? நீர் சொன்னால்தான் எங்க பாக்கவேணும் எண்டு தெரியும்" என்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கும் அதே குரலில் கேட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி குருதியை எச்.ஐ.வி. பரிசோதனைப் பட்டியில் விட்டுவிட்டு, இருபது நிமிடமும் அவர் என் பக்கத்திலேயே இருந்தார். ஒரே ஒரு கோடு விழுந்தது. எச்.ஐ.வி. இல்லை என்று சொன்னதோடு நிறுத்தாமல், கடைசி மூன்று மாதங்களுக்குள் தொற்றியிருந்தால் இந்தப் பரிசோதனை அதைக் காட்டாமல் விடலாம் என்பதால் திரும்ப வரவேண்டும் என்றும் விளக்கினார். தொண்டை மாதிரி எடுக்க அங்கே வசதியில்லை. அதற்காகத் தனது மோட்டார் சைக்கிளிலேயே அரச சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச்சென்று, என் முறை வரும்வரை காத்திருந்தார். தொண்டையில் கொனோரியா இருந்தது. உரிய சிகிச்சையில் குணமானது; ஒரு சதமும் செலவாகவில்லை.

ஆணுறையோடு நீர் சார்ந்த ஜெல்லும் தருகிறார்கள். எங்களில் பலர் தேங்காயெண்ணெயைத்தான் பாவித்துவந்தோம். எண்ணெய் ஆணுறையின் இறப்பரைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும் என்பதை அங்கேதான் அறிந்தோம்.

ஆனால் நேரம் பெருங்குறை. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். எங்கள் தொழிலோ இருட்டிய பின்புதான் தொடங்குகிறது. ஆணுறை கிழிந்தால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரைகளை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தளவு விரைவாகத் தொடங்கி, 28 நாட்கள் எடுக்கவேண்டும். வெள்ளி இரவு 11 மணிக்குக் கிழிந்தால், திங்கள் காலை கதவு திறக்கும்போது 58 மணித்தியாலம் போயிருக்கும். வைத்தியசாலைக்குத் தனியே போகத் துணியாத இளைஞர்களுக்கு அந்த மூன்று இரவுகளில் யாருமே இல்லை. வார இறுதி இரவுகளில் யாராவது எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி இலக்கமாவது வேண்டும் என்று நேரில் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.