மரவள்ளி ஏற்றுமதி: மெழுகா, ஃப்ரோசனா, மாவா?

மரவள்ளியைப் பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நரம்பு நரம்பாகக் கருநீலக் கோடு ஓடிவிடும். மேலே பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் தெரியும். சேனையைப் போல மூலையில் போட்டுவைத்து விற்கிற சரக்கு இல்லை இது. ஏற்றுமதி என்று இறங்கினால், எந்த உருவத்தில் அனுப்புவது என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

முழுக்கிழங்காக அனுப்புவதில் கைதேர்ந்த நாடு கோஸ்டா ரிக்கா. கிழங்கைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, உருக்கிய பாரஃபின் மெழுகில் ஒரு கணம் முக்கி எடுக்கிறார்கள். காற்று உள்ளே போகாததால் கறுப்பது தள்ளிப்போகிறது. குளிர்ச்சியும் சேர்ந்தால் சில வாரம் தாங்கும். செலவும் குறைவு. ஆனால் காயம் படாத, நேரான கிழங்கு வேண்டும். பிடுங்கும்போது நுனி ஒடிந்தாலே கழித்துவிடுவார்கள். அமெரிக்கச் சந்தை அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேரளத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ ஐரோப்பாவுக்குக் கப்பல் போய்ச் சேரவே பல வாரம் ஆகும்போது, நமக்கு இந்த வழி சரிப்படாது என்பது என் கருத்து.

காய்ந்த சில்லும் மாவும் தாய்லாந்தின் கோட்டை. சில்லை அதிகம் வாங்குவது சீனா. தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகிறது. இந்த இரண்டுக்கும் மக்காச்சோளமும் ஆகும் என்பதால், இந்தச் சந்தையில் மரவள்ளியின் விலையை மக்காச்சோளம்தான் தீர்மானிக்கிறது. ஒரு காலத்தில் தாய்லாந்தின் மரவள்ளித் துகள்கள் ஐரோப்பிய மாட்டுத் தீவனத்துக்குக் குவிந்தன. 1982-இல் அளவுக்கு வரம்பு வந்தது. 1992-க்குப் பிறகு ஐரோப்பாவிலேயே தானிய விலை இறங்க, அந்தச் சந்தை கரைந்தது. விவசாயி கையில் எதுவுமே இல்லாத வியாபாரம் இது.

சேலம், நாமக்கல் பக்கம் மாவுச்சத்துப் பாயிண்டை, அதாவது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்ற அளவை, வைத்துத்தான் கிழங்குக்கு விலை. கிழங்கைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் ஒரு தடவை எடைபோட்டு பாயிண்டைக் கணக்கிடுவார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் அதன் பெரிய சந்தை மகாராஷ்டிரம் போன்ற வடமாநிலங்களின் விரதச் சமையல்தான். வெளிநாட்டில் வெறும் மாவு விலையில் தாய்லாந்தோடு மோதுவது கஷ்டம்.

அப்புறம் இருப்பது ஃப்ரோசன். எனக்கு நம்பிக்கை இதில்தான். தோலுரித்து, துண்டு போட்டு, வேகமாக உறையவைத்து மைனஸ் 18 டிகிரியில் அனுப்புவது. ஒடிந்த கிழங்கும் உதவும், கெட்ட பகுதியை வெட்டி எறியலாம், பல மாதம் தாங்கும், மண் ஒட்டிக்கொண்டு போகிற தொல்லையும் இல்லை. வளைகுடாவிலும் லண்டனிலும் உள்ள மலையாளிகளுக்குக் கப்பை இப்படித்தான் போகிறது. மீன்கறியோடு சாப்பிடக் கேட்டு வாங்குகிற ஆள் இருப்பதால், மக்காச்சோள விலை இங்கே குறுக்கே வராது. பாரம் முழுக்க மின்சாரத்திலும் குளிர்கன்டெய்னரிலும்தான். வழியில் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தால் கிழங்கு சவசவத்துப் போகும். தனி விவசாயிக்கு இது கட்டாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, ஏற்கெனவே இறால் உறையவைக்கிற ஆலைகளில் இடம் கேட்டுப் பார்க்கலாம்.

ரகம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆலைக்காக நடுகிற எச்-226 போன்றவற்றை அப்படியே பாக்கெட்டில் போட முடியாது. எம்-4 மாதிரி வெந்தால் மாவாக மலர்கிற, கசப்பில்லாத ரகம் வேண்டும். கசப்பு ரகங்களில் சயனைடு நஞ்சு அதிகம். கசப்பில்லாத இனிப்பு மரவள்ளிக்கு, சர்வதேச உணவுத் தர விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம் சயனைடு. நடவுக்கு முன்பே ரகத்தைப் பேசி முடித்து, அறுவடையில் ஒவ்வொரு லாட்டையும் சோதித்துவிட்டுத்தான் ஆர்டரை ஒப்புக்கொள்ள வேண்டும்.