எஸ்எஸ்எச் நுழைவு: சாவியா, சான்றிதழா?

பெங்களூருவில் சிறிய மென்பொருள் குழுக்களை நடத்தும் தமிழர்கள் சந்தித்துக்கொண்டால், சர்வருக்குக் கடவுச்சொல் போதுமா என்ற கேள்வி இப்போது எழுவதே இல்லை. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதையடுத்தே அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென், தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறையை உருவாக்கினார். அது வழியில் செல்லும் கடவுச்சொல்லை மறைத்துவிடும். ஊகித்து நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்காது. ஆகவே கடவுச்சொல் நுழைவை அடைத்துவிட வேண்டியதுதான். உண்மையான போட்டி, வழக்கமான பொதுச் சாவிக்கும், எஸ்எஸ்எச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 2010 முதல் வழங்கிவரும் சான்றிதழுக்கும் இடையில்தான் இருக்கிறது. எங்கள் குழு சான்றிதழுக்கு மாறிவிட்டது. என் சாய்வும் அந்தப் பக்கமே.

சாவியை அமைப்பது எளிது. சாவிக்கு இரண்டு பாதிகள்: ரகசியப் பாதி நம் கணினியிலேயே இருக்கும், பொதுப் பாதி சர்வருக்குப் போகும். எட்25519 என்ற வகையில் ஒரு சாவியை உருவாக்கி, அதன் பொதுப் பாதியை, நுழைய அனுமதி பெற்ற சாவிகளைப் பட்டியலிடும் சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் வேலை முடிந்தது. தனியாளாக ஓரிரு சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

குழுவுக்குச் சிக்கல் வருவது சேர்ப்பதில் அல்ல, நீக்குவதில். வேலை மாறுவது இந்த ஊரில் அன்றாட நிகழ்வு. ஒருவர் விலகும்போது அவருடைய வரியை ஒவ்வொரு சர்வரிலும், ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தேடி அழிக்க வேண்டும். அந்த வரி நீண்ட எழுத்துக் கோவையாக ஓடி, ‘கார்த்திக்@லேப்டாப்’ என்பது போன்ற குறிப்போடு முடியும். அந்தக் குறிப்பைச் சர்வர் சரிபார்ப்பதில்லை. எந்தக் கார்த்திக், பழைய லேப்டாப்பா புதியதா என்பதைக் கோப்பு சொல்லாது. யாருடையது என்று உறுதியாகத் தெரியாத வரியை அழிக்க எவருக்கும் துணிவு வராததால் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். வரிக்கு வரி காலாவதி குறிக்க வழியுண்டு என்றாலும், அதையும் ஒவ்வொரு சர்வரிலும் போய்த்தான் எழுதியாக வேண்டும்.

சான்றிதழ் முறையில் குழுவுக்கென ஒரு தலைமைச் சாவி இருக்கும். அது உறுப்பினரின் பொதுச் சாவியில் கையொப்பமிட்டு, அவர் பெயர், நுழையக்கூடிய கணக்குகள், செல்லுபடியாகும் நேரம் ஆகியவற்றைப் பதித்துத் தரும். சர்வர்களில் தலைமைச் சாவியின் பொதுப் பாதி மட்டும் இருந்தால் போதும். நாங்கள் எட்டு மணி நேரத்துக்குத்தான் சான்றிதழ் தருகிறோம். ஒருவர் விலகினால் அடுத்த கையொப்பத்தை நிறுத்திவிடுகிறோம், எந்தச் சர்வரையும் தொடுவதில்லை. பலர் ஒரே கணக்கில் நுழைந்தாலும் சான்றிதழிலுள்ள பெயர் சர்வரின் பதிவில் விழுவது, கோளாறுக்குக் காரணம் தேடும் நாளில் பெரிய உதவி. ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: காலாவதி பார்க்கப்படுவது நுழையும்போது மட்டுமே, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அதனால் அறுந்துவிடாது.

குறைகளும் உண்டு. தலைமைச் சாவி திருடு போனால் எல்லாச் சர்வர்களும் திறந்துவிடும் என்பதால் அதைத் தனிக் கணினியில் கடவுத்தொடரால் (நீண்ட கடவுச்சொல்லால்) பூட்டி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் மதுரைப் பேருந்து ஏறியவருக்குச் சர்வர் அழைப்பு வந்து, சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், கையொப்பமிட இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். லேப்டாப் தொலைந்தால் அந்த எட்டு மணி நேரத்துக்குள் இனி ஏற்கக் கூடாதவற்றைக் குறிக்கும் ரத்துப் பட்டியலை எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்ப வேண்டும். அப்படியொரு தேவை எங்களுக்கு இன்னும் வரவில்லை, எனவே அதன் சிரமத்தை அனுபவத்திலிருந்து என்னால் எடைபோட முடியாது. நூற்றுக்கணக்கான சர்வர்கள் உள்ள இடங்களுக்கும் என் தீர்ப்பு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

மாற நினைப்பவர்கள் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. இரண்டு முறைகளும் ஒரே சர்வரில் சேர்ந்து இயங்கும். எல்லோரும் சான்றிதழோடு நுழைவது பதிவில் தெரிந்த பிறகு, சாவிக் கோப்பின் இடத்தை, சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கு மட்டும் எழுதக்கூடிய ஒன்றாக மாற்றி, அதில் ஒரே ஓர் அவசரச் சாவியின் வரியை மட்டும் வைத்தோம். அந்த மாற்றத்தைச் செய்யும்போது மட்டும், திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு முனையத்திலிருந்து நுழைந்து பார்த்துவிடுங்கள்.