மனநலச் சிகிச்சை பெறுபவருக்கான மருத்துவக் காப்பீடு: ஒரு மதிப்பீடு

மனச்சோர்வுக்கு நெடுங்காலமாக மருந்து உட்கொண்டு வரும் என் தம்பிக்காக எடுத்த இத்திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது, விண்ணப்பத்தில் நோயையும் மாத்திரைகளின் பெயர்களையும் மறைக்காமல் எழுதிய பின்னரும், தாங்கக்கூடிய பிரீமியத்தில் அவனை ஏற்றுக்கொண்டதைத்தான். மறைத்திருந்தால் பின்னாளில் இழப்பீடு மறுக்கப்பட அதுவே காரணமாகியிருக்கும். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்நோய்க்கு இழப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம், உண்டு. ஆனால், உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே செலவு கிடைக்கும் என்பதும், மனநலச் சிகிச்சைக்கெனத் தனி உச்சவரம்பு உண்டு என்பதும் பாலிசியின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில்தான் உள்ளன. மாதந்தோறும் மருத்துவரைப் பார்ப்பது, மருந்து வாங்குவது, ஆலோசனைக்குச் செல்வது ஆகியவற்றுக்கே இந்நோயில் பெரும்பணம் கரைவதால், சற்றுக் கூடுதலாகச் செலுத்தியேனும் புறநோயாளிச் செலவுக்கான பிரிவையும் சேர்த்து வாங்குமாறு பரிந்துரைக்கிறேன்.