மியூனிக்கில் வீடு பிடித்துத் தரும் சேவை: நான்கு மாத அனுபவம்

வேலை மாற்றலாகி மியூனிக் வந்தபோது, வீடு பிடித்துத் தரும் உதவிச் சேவை ஒன்றை எங்கள் அலுவலகம் எனக்கு ஏற்பாடு செய்திருந்தது. கட்டணம் அலுவலகத்தின் கணக்கில் போனது. ஆனாலும், சொந்தக் காசைக் கொடுத்து இத்தகைய சேவையை அமர்த்தலாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சேவையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வீடு தேடுவதில் இவர்களால் எனக்குப் பெரிய பயன் இல்லை. வாரந்தோறும் அனுப்பிய பட்டியலில் இருந்தவை இம்மோபிலியன்ஸ்கவுட் 24 போன்ற தளங்களில் யாரும் பார்க்கக்கூடிய விளம்பரங்களே; பட்டியல் என் கைக்கு வருவதற்குள் அவற்றில் பாதி நீக்கப்பட்டிருக்கும். முதல் மாதத்துக்கு அவர்கள் ஏற்பாடு செய்த தற்காலிகக் குடியிருப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட சான்று தேவை. அந்தக் குடியிருப்பின் உரிமையாளர் சான்று தர மறுத்துவிட்டார். பதிவு இல்லாமல் வரி எண் வராது. நான் கேட்ட வங்கியும் பதிவுச் சான்று இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாது என்றது. அந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியது சேவைதான்.

இவர்கள் உண்மையில் கைகொடுத்தது காகிதங்களில். சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல், ஜெர்மன் மொழியில் ஒரு பக்க அறிமுகக் கடிதம் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாக்கிக் கொடுத்தார்கள். கடன் நாணயத்தைக் காட்டும் ஷூஃபா சான்று புதிதாக வந்தவனிடம் எப்படி இருக்கும்? அதற்கு ஈடாக அலுவலகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கச் சொன்னார்கள். அந்தக் கோப்பு தயாராகும் வரை, நான் எழுதிக் கேட்ட வீட்டுக்காரர்கள் ஒருவரும் பதில் எழுதவில்லை. தயாரான பிறகு மூன்று வீடுகளைப் பார்க்க அழைப்பு வந்தது.

மூன்றாவது வீட்டின் சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் அடுப்புக்கான மின்கம்பியையும் தவிர வேறொன்றும் இருக்காது என்று வீட்டுக்காரர் சொன்னார். மேடை, அலமாரி, அடுப்பு எல்லாம் காலி செய்யும் குடித்தனக்காரருடையவை. அவற்றை விட்டுச்செல்ல அவர் 4,000 யூரோ கேட்டார். பொருளின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத தொகை கேட்டால் அந்த மிகுதிக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை எடுத்துக்காட்டி, சேவையின் சார்பில் என்னுடன் வந்த அம்மையார் குரலை உயர்த்தாமல் பேசி, அதை 1,800-க்குக் கொண்டுவந்தார். தனியாகப் போயிருந்தால் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னதும் அவரே. நான் பார்த்த தொகை வெறும் வாடகை என்றும், வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை ஆகியவற்றுக்கான மாத முன்பணம் தனி என்றும், அதற்கு ஆண்டுக்கொரு முறை கணக்கு முடித்து மீதியைக் கேட்பார்கள் அல்லது திருப்பித் தருவார்கள் என்றும் விளக்கினார். விலைவாசிக் குறியீட்டோடு வாடகையும் ஏறும் என்ற பிரிவைக் கோடிட்டுக் காட்டி, கையெழுத்திடும் முன் யோசிக்கச் சொன்னார். வீட்டுக்காரரிடம் கட்டும் அட்வான்ஸ் மாத வெறும் வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்பது, சென்னையில் பத்து மாத அட்வான்ஸைக் கட்டிப் பழகிய எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

ஆகவே சொந்தக் காசு என்றால், முழுத் தொகுப்பை வாங்க மாட்டேன். கோப்புத் தயாரிப்பு, வீடு பார்க்கும்போது உடன் வருதல், ஒப்பந்தம் படித்தல் ஆகிய மூன்றை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்பேன். தேடுவதை நானே செய்துகொள்வேன். சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல்களையும் மீட்டர் அளவுகளையும் படத்தோடு பதிவு செய்து வீட்டுக்காரரிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கிய பொறுமைக்கும் பாராட்டு உண்டு.

ஒன்றை மட்டும் அவர்களும் மறந்தார்கள், நானும் அறியவில்லை. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்தே கடிதம் போடுவார். நான் என் பெயரை ஒட்டியிருந்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பதோ அப்பாவின் பெயர். வரி எண் கடிதம் அவர் பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் இங்கு இல்லை என்று திரும்பிப் போயிற்று.