கண்மாய்க் காவல்: கிராம சபையா, பாசனச் சங்கமா?
கிராம சபையில் ஊர் வாக்காளர் எல்லாருக்கும் இடமுண்டு. காணி நிலம் இல்லாதவரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். ஆனால் வருஷத்துக்கு ஆறு கூட்டம்தான். மதகுப் பலகை உளுத்துத் தண்ணீர் ஒழுகுகிறதா? நவம்பர் 1 தவறினால் அடுத்தது ஜனவரி 26. அதற்குள் கண்மாயில் சேறுதான் மிஞ்சும்.

பாசனச் சங்கம், அதாவது நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் பரப்பு) நிலக்காரர்களே உறுப்பினர்கள். எந்த மடையை எப்போது திறந்தால் கடைமடை வயல் நனையும் என்பது அவர்களுக்கு அத்துபடி. குடிமராமத்து எனும் நீர்நிலைச் சீரமைப்புப் பணிகளும் பாசன விவசாயிகள் கைக்கே வந்தன. நிலமில்லாத ஆடு மேய்ப்பவருக்கோ அங்கே குரல் கிடையாது (கோடையில் கண்மாயை அதிகம் நம்புவது அவர்தான்).

என்னைக் கேட்டால், முறைப்பாசனமும் மடைப் பராமரிப்பும் சங்கத்துக்கு. ஆக்கிரமிப்பு, கரைமரக் கணக்கு இரண்டையும் சபையில் எல்லார் முன்னாலும் பேச வேண்டும்.