எச்டிஎம்ஐ கேபிளும் ஒற்றை ரிமோட்டும்: எந்தக் கேபிளை நம்பலாம், எங்கே சிக்கும்?

டிவியில் படம் பளிச்சென்று வருகிறது. சவுண்ட்பாரில் மட்டும் ஒலி இல்லை. டிவி ரிமோட்டில் வால்யூமை ஏற்றினாலும் அசைவே இல்லை. இந்த இடத்தில் பலரும் செய்வது, விலை கூடிய இன்னொரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவது. பெரும்பாலும் அது வீண் செலவு. அந்தக் கேபிளுக்குள் படம் போகும் கம்பிகள் வேறு, ரிமோட் கட்டளை போகும் கம்பி வேறு, டிவியிலிருந்து ஒலி திரும்பி வரும் கம்பிகள் வேறு. ஒன்று ஒழுங்காக வேலை செய்வதை வைத்து மற்றதும் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே இந்த மதிப்புரையில் கடைகளில் கிடைக்கும் கேபிள் வகைகளையும், அவற்றின் வழியே ஓடும் சிஇசி என்ற ஒற்றை ரிமோட் வசதியையும் தனித்தனியே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் பிளக்கின் உள்ளே. வழக்கமான எச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின்கள். முதல் 12 பின்கள் படத்தையும் அதனுடன் வரும் ஒலியையும் சுமக்கின்றன. 13-ஆவது பின் சிஇசி, அதாவது ரிமோட் கட்டளைகளின் பாதை. 15, 16 இரண்டும் டிவியால் என்னென்ன காட்ட முடியும் என்ற விவரத்தைக் கருவிக்குச் சொல்பவை. திருட்டு நகலைத் தடுக்கும் எச்டிசிபி பரிமாற்றமும் இவற்றில்தான் நடக்கிறது. 18-இல் 5 வோல்ட் மின்சாரம். 19-ஆவது பின், பிளக் செருகப்பட்டதைத் தெரிவிக்கும். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி 14-ஆவது பின்னை நம்பியிருக்கிறது. அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஏஆர்சிக்கு 14, 19 இரண்டும் வேண்டும்.

சிஇசி ஓடும் வேகம் நொடிக்குச் சுமார் 400 பிட் மட்டுமே. படம் போகும் பாதையோ, அல்ட்ரா ஹை ஸ்பீட் வகைக் கேபிள்களில் நொடிக்கு 48 ஜிகாபிட் வரை போகும். 400 பிட்டுக்குத் தங்க முலாமும் தேவையில்லை, தடித்த உறையும் தேவையில்லை. கம்பி அறுபடாமல் இருந்தாலே போதும். ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் கேபிளின் தரத்தைச் சந்தேகிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

சாதாரணச் செம்புக் கேபிள்கள்

பெட்டியில் "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண்கள் கருவிகளுக்கான விதிமுறையின் பதிப்புகள். கேபிளுக்கு உரிய பெயர்கள் வேறு: ஹை ஸ்பீட், பிரீமியம் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஹை ஸ்பீட். பிரீமியம் என்றால் 18 ஜிகாபிட். 4கே படம் நொடிக்கு 60 பிரேம் வரை தாங்கும். அல்ட்ரா என்றால் 48 ஜிகாபிட். 4கே 120 பிரேமில் விளையாடும் கேம் கன்சோலுக்கு இதுதான். சோதிக்கப்பட்ட அல்ட்ரா கேபிளின் பெட்டியில் கியூஆர் குறியுடன் சான்று லேபிள் ஒட்டியிருக்கும். அதற்கென உள்ள எச்டிஎம்ஐ சான்றிதழ் செயலியில் அந்த லேபிளை ஸ்கேன் செய்து, அது உண்மையானதா என்று பார்த்துவிடலாம். வாங்கும்போது அரை நிமிடம் செலவழித்து இதைச் செய்வது, உறையின் பின்னல் வேலைப்பாட்டைப் பார்த்து வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

நீளம்தான் செம்புக் கேபிளின் எல்லை. 48 ஜிகாபிட் வேகத்தில் 3 மீட்டர் வரை கவலையில்லை. 5 மீட்டரை நெருங்கும்போது சான்று பெற்ற கேபிளாகப் பார்த்து எடுக்க வேண்டும். 1.5 மீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் கேபிள் வாங்கிச் சுருட்டி வைப்பதில் எந்த லாபமும் இல்லை. டிவியையும் சவுண்ட்பாரையும் இணைக்க மட்டும் ஒரு கேபிள் வேண்டுமென்றால் அல்ட்ரா கட்டாயமில்லை. ஈத்தர்நெட்டுடன் கூடிய ஹை ஸ்பீட் கேபிளே ஈ-ஏஆர்சிக்குப் போதும், ஏனெனில் 14, 19 பின்களுக்கான முறுக்கிய இணைக்கம்பி அதில் இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய கேபிளில் ஈ-ஏஆர்சி தடுமாறினால் முதலில் இதைப் பாருங்கள்: ஈத்தர்நெட் என்ற சொல் அதன் உறையில் அச்சாகியிருக்கிறதா?

கேபிள் வலுவிழந்தால் அது படத்தில்தான் தெரியும். இருட்டுக் காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது, இரண்டொரு நொடி திரை கறுத்து மீண்டும் வருவது, இவை இரண்டும் அதன் அடையாளங்கள். உறுதிப்படுத்த எளிய வழி: கருவியின் அமைப்பில் 4கே 120-ஐ 60-ஆகக் குறையுங்கள், அதன் பிறகு 1080-க்கு இறக்குங்கள். குறைத்தவுடன் கோளாறு மறைந்தால் கேபிளோ, இடையில் செருகிய இணைப்பானோதான் காரணம். இரண்டு கேபிளை ஒட்டும் கப்ளர், மூலைக்காக வாங்கிய வளைந்த அடாப்டர் ஒவ்வொன்றும் சிக்னலைச் சிறிது தின்னும். குறைத்தும் மறையவில்லை என்றால் கேபிளை விட்டுவிட்டு எச்டிசிபியைப் பாருங்கள். பெரும்பாலான 4கே சேவைகளுக்கு எச்டிசிபி 2.2 வேண்டும், நடுவில் அதை ஏற்காத ஒரு பழைய ஏவி ரிசீவர் (பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஒலிக் கருவி) இருந்தாலே திரை கறுத்துவிடலாம்.

இன்னொன்று: பல டிவிகளில் உள்ளீட்டுக்கு உரிய முழு வேகம் தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் சிக்னல் பார்மட் என்ற பெயர்களில் தேடுங்கள். அந்தந்த போர்ட்டுக்குத் தனியே இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் நல்ல கேபிளைக் குறைசொல்லித் திருப்பி அனுப்புவோர் ஏராளம்.

ஒளியிழைக் கேபிள்கள்

10, 15, 20 மீட்டர் தூரத்துக்கு, புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு, ஒளியிழைக் கேபிளே சரியான தேர்வு. படத்தைப் பொறுத்தவரை இதற்கு முழு மதிப்பெண் தருகிறோம். மெலிதானது, பளுவற்றது, இவ்வளவு தூரத்திலும் முழு வேகம் தருகிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்.

இது ஒருவழிப் பாதை. இரு முனைகளிலும் எது கருவிக்கு, எது திரைக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது. இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியம். ஒளி ஒரு திசையில்தான் போகிறது, ஏஆர்சி ஒலியோ எதிர்த்திசையில் வர வேண்டும். அதற்கும் சிஇசிக்கும் ஒளியிழையோடு தனிச் செம்புக் கம்பிகளைச் சேர்த்திருந்தால்தான் உண்டு. எல்லாத் தயாரிப்பிலும் அவை இருப்பதில்லை. படம் அட்டகாசமாக வந்து ரிமோட் மட்டும் செத்துக் கிடக்கும் வீடுகளில் இந்தக் கேபிள் இருந்தால், கேபிளைச் சந்தேகிப்பது நியாயம். வாங்கும் முன் விவரக்குறிப்பில் சிஇசி, ஏஆர்சி, ஈ-ஏஆர்சி மூன்றும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். சொல்லவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிஇசி: நல்ல யோசனை, அரைகுறை நிறைவேற்றம்

ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்குவது என்பது இதன் நோக்கம். நிறுவனத்துக்கு ஒரு பெயர்: சாம்சங்கில் அனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். அடிப்படை ஒன்றுதான். ஆனால் எந்தெந்தக் கட்டளைகளை ஏற்பது என்பதை நிறுவனங்கள் தாமே முடிவு செய்கின்றன. அதனால் டிவியை இயக்குவதும் அணைப்பதும் வால்யூமும் பெரும்பாலும் எல்லாக் கருவிகளிலும் நடக்கும். மெனுவுக்குள் போவது, ரீவைண்ட், வண்ணப் பொத்தான்கள் ஆகியவை நிறுவனம் மாறினால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இந்தக் குறையை எந்தக் கேபிளும் தீர்க்காது.

சரியாக இணைக்கும் முறை இது. சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ அவுட் போர்ட்டிலிருந்து டிவியில் ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டுக்கு நேராகக் கேபிள். வேறு போர்ட்டில் செருகினால் ஒலி திரும்பி வராது. நடுவே ஸ்விட்சோ ஸ்பிளிட்டரோ வேண்டாம். பலவற்றில் 13-ஆவது பின்னின் தொடர்பு கடக்கவே கடக்காது. டிவியில் சிஇசியை இயக்குங்கள், சவுண்ட்பாரிலும் இயக்குங்கள். டிவியின் ஒலி வெளியீட்டை எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கு மாற்றுங்கள். பழைய ஏஆர்சியில் ஒலிப்பாதையைத் திறக்கச் சொல்லும் கட்டளையே சிஇசி வழியாகத்தான் போகிறது. எரிச்சலில் சிஇசியை அணைத்தால் ஒலியும் போய்விடுவது இதனால்தான். 2017-இல் வந்த 2.1 விதிமுறையின் ஈ-ஏஆர்சி தன் சொந்தப் பாதையில் பேசிக்கொள்வதால் இந்தக் கட்டாயம் அதற்கு இல்லை. ஆனால் டிவி ரிமோட்டால் வால்யூம் மாற்ற, ஈ-ஏஆர்சியிலும் சிஇசி வேண்டும்.

ஒலி வருகிறது, ஆனால் வெறும் ஸ்டீரியோ என்றால் டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பு பிசிஎம்மில் நிற்கிறதா பாருங்கள்; அதைப் பாஸ்-த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்ற வேண்டும். ஏஆர்சியின் வழியே டால்பி டிஜிட்டல் பிளஸ் வரைதான் போகும். ப்ளூ-ரே வட்டில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, அமுக்கப்படாத 7.1 ஒலி எல்லாம் ஈ-ஏஆர்சி இரு பக்கமும் இருந்தால் மட்டுமே.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் திடீரென்று ரிமோட் கேட்காமல் போகும். சிஇசி ஒரே கம்பியை எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. ஒரு கருவி குழம்பினால் மொத்தமும் ஸ்தம்பித்துவிடும். ஸ்டாண்ட்பையில் போடுவது இதைத் தீர்க்காது. எல்லாக் கருவிகளின் பவர் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். எச்டிஎம்ஐ கேபிள்களையும் கழற்றுவது நல்லது, 18-ஆவது பின்னின் 5 வோல்ட் மற்ற கருவியை அரை உயிரில் வைத்திருக்கக்கூடும். ஐந்து நிமிடம் கழித்து டிவியை மட்டும் இயக்குங்கள். பிறகு சவுண்ட்பார். அது சரியாகப் பதிந்த பிறகே மற்றவை, ஒவ்வொன்றாக. எந்தக் கருவியைச் சேர்த்ததும் கோளாறு திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

கருவிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு, இதைப் பலர் அறியார். 1.4 விதிமுறைப்படி பிளேயர் வகைக் கருவிகளுக்குச் சிஇசியில் மூன்றே முகவரிகள்: 4, 8, 11. ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ப்ளூ-ரே பிளேயர், இரண்டு கேம் கன்சோல் என்று நான்கு பிளேயர்களை மாட்டினால் நான்காவதுக்கு முகவரி கிடைக்காமல் போகலாம். அது படத்தைக் காட்டும். ரிமோட்டுக்கு மட்டும் பணியாது. குறைவாகப் பயன்படும் ஒன்றில் சிஇசியை அணைத்துவிட்டால் இடம் கிடைக்கும். ஒலிக் கருவிக்கு உள்ள முகவரியும் ஒன்றுதான், 5. ரிசீவரையும் சவுண்ட்பாரையும் ஒரே டிவியில் சேர்த்து மாட்டுவது சண்டையில் முடியும்.

நள்ளிரவில் டிவி தானே விழித்துக்கொள்கிறதா? மென்பொருள் புதுப்பிப்புக்காக எழுந்த ஏதோ ஒரு கருவி, படம் நானே தருகிறேன் என்று அறிவித்திருக்கும். அந்தக் கருவியில் மட்டும் சிஇசியை அணையுங்கள். அதில் அணைக்கும் வசதியே இல்லை என்றால் 13-ஆவது பின் மட்டும் துண்டிக்கப்பட்ட சிறிய அடாப்டர்கள் கிடைக்கின்றன. படத்துக்கு எந்தக் குறையும் வராது. வால்யூம் ஒரு தட்டில் இரண்டு படி ஏறினால், சவுண்ட்பார், டிவி ரிமோட்டின் அகச்சிவப்பு சிக்னலையும் சிஇசி கட்டளையையும் சேர்த்தே பெறுகிறது என்று பொருள். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

ரிமோட்டே பழுதா என்று அறிய

அகச்சிவப்பு ரிமோட்டைக் கைபேசியின் கேமராவுக்கு எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதா நிற ஒளி துடித்தால் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறது. சில கைபேசிகளின் பின்புறக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், முன்புறக் கேமராவிலும் பார்த்துவிடுங்கள். ஒளி வந்தும் டிவி கேட்கவில்லை என்றால், டிவியின் அடிவிளிம்பில் உள்ள சென்சாரைச் சவுண்ட்பார் மறைக்கிறதா, நேர் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். புளூடூத் ரிமோட்டில் இந்தச் சோதனை செல்லாது. அதற்கு மறுபடி இணைப்பதுதான் வழி. பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம்; பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டுப் புது பேட்டரி போடுங்கள்.

டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் ரிமோட் தாமதமாகக் கேட்டால், ஸ்டிக்கைச் சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்புத் துண்டில் மாட்டி டிவியின் உலோக முதுகிலிருந்து விலக்குங்கள். வைஃபையும் கூடவே சீராகும். அதற்கு மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்க வேண்டாம். பல டிவிகளின் யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் இடையிடையே அணைந்து எழும், ஒவ்வொரு முறையும் சிஇசியைக் கலைக்கும்.

கேபிளைச் சுவருக்குள் ஓட்டுவதாக இருந்தால் முதலில் தரையில் விரித்து மாட்டி, 4கே படம், சவுண்ட்பார் ஒலி, வால்யூம், டிவியை அணைத்தால் மற்றவையும் அணைகின்றனவா என்ற நான்கையும் சோதித்துவிட்டே உள்ளே அனுப்புங்கள். பிளக் தாராளமாக நுழையும் அகலத்தில் குழாய் பதித்து, கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து ஓட்டிவிட்டால், பிறகு கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.